மலிவான வைஃபை போர்டு: இஎஸ்பி8266, இஎஸ்பி32, பைகோ டபிள்யூ, எதை எடுக்கலாம்?

துளிர்:
வணக்கம் நண்பர்களே. ஆர்டுயினோ ஊனோவில் எல்இடி எரியவிடுவது, பட்டன் அழுத்தினால் ஏதாவது நடக்க வைப்பது, இந்த அளவுக்குத்தான் தெரியும். மூன்று தொட்டிச் செடிகளின் மண் ஈரத்தை அளந்து வைஃபை வழியாகப் போனில் பார்க்க வேண்டும். தேடிப் பார்த்தால் ஒரே சிப்பை வைத்து ஏகப்பட்ட போர்டுகள் வருகின்றன, தலை சுற்றுகிறது. இருப்பதிலேயே மலிவு இஎஸ்பி-01தான், அதையே எடுத்துவிடலாமா? செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் வாங்கியது வீணாகவும் போகக்கூடாது.

பற்றாசு:
இஎஸ்பி-01 வேண்டவே வேண்டாம். அதில் யுஎஸ்பி கிடையாது, புரோகிராம் ஏற்றத் தனியாக ஒரு சீரியல் அடாப்டர் வாங்க வேண்டும். இருப்பதே எட்டு பின், அதில் அனலாக் பின் (கூடிக் குறையும் மின்னழுத்தத்தை அளக்கும் பின்) ஒன்றுகூட வெளியே வரவில்லை. அதாவது உங்கள் சென்சாரை அதில் நேரடியாகச் சொருகவே முடியாது. அதே இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு நல்ல போர்டு, பல வருடமாகப் புழக்கத்தில் இருப்பதால் எந்தச் சந்தேகத்துக்கும் விடை கிடைக்கும். ஆனால் அதிலும் அனலாக் பின் ஒன்றே ஒன்று, உங்களுக்கோ தொட்டி மூன்று. ஒரே பின்னில் பல சென்சார்களை மாற்றி மாற்றிப் படிக்க வைக்கும் மல்டிபிளெக்சர் போட்டுச் சமாளிக்கலாம்தான், முதல் புராஜெக்டிலேயே அந்தத் தலைவலி எதற்கு?

யுஎஸ்பியும் பின்களும் பொருத்தியே வரும் சாதாரண இஎஸ்பி32 டெவ் போர்டை எடுங்கள். இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், ப்ளூடூத்தும் உண்டு. உங்கள் வேலைக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை, ஆனால் அடுத்த புராஜெக்டுக்கு வேறு போர்டு தேட வேண்டியிருக்காது.

மின்மினி:
பைத்தான் பக்கம் போக விருப்பம் இருந்தால் ராஸ்பெரி பை பைகோ டபிள்யூவையும் பாருங்கள். 2022-இல் வந்தது. பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் சொருகினால் பென் டிரைவ் மாதிரி கணினியில் தெரியும், மைக்ரோபைத்தான் (இந்த மாதிரிச் சின்ன போர்டுகளுக்கான பைத்தான்) கோப்பை அதில் இழுத்துப் போட்டால் போதும். மூன்று அனலாக் பின் இருக்கிறது, உங்கள் கணக்குக்குச் சரியாகப் போய்விடும். டபிள்யூஎச் என்று முடியும் மாடலாக வாங்குங்கள், மற்றதில் பின்களை நீங்களே சால்டர் செய்ய வேண்டும்.

துளிர்:
ரொம்ப நன்றி. புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருள் பழகிவிட்டதால் இஎஸ்பி32-க்கே போகிறேன். சென்சாரை எந்தப் பின்னில் வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

பற்றாசு:
கூடாது, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடமே இதுதான். இஎஸ்பி32-இல் அனலாக் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு கூட்டம் (ஏடிசி என்றால் அனலாக் அளவை எண்ணாக மாற்றும் பகுதி). ஏடிசி2-வைச் சேர்ந்த 4, 25, 26, 27 போன்ற பின்களை வைஃபை ஓடும்போது நம்ப முடியாது, ஏனென்றால் வைஃபையும் அதே ஏடிசி2-வைப் பயன்படுத்துகிறது. தனியாகச் சோதிக்கும்போது அளவு ஒழுங்காக வரும், வைஃபையைச் சேர்த்ததும் சொதப்பும், நீங்கள் சென்சாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஏடிசி1-இல் உள்ள 32, 33, 34, 35, இவற்றில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 34, 35 இரண்டும் உள்ளீட்டுக்கு மட்டும், மண் சென்சாருக்கு அது போதும். அப்புறம் எல்லாப் பின்னும் 3.3 வோல்ட்தான். ஊனோ பழக்கத்தில் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், சிப் போய்விடும்.

மின்மினி:
இன்னொன்று, சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருந்தால் போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினியில் அதற்கான இணைப்பே (port) வராது. டேட்டா போகும் கேபிள்தானா என்று முதலில் பாருங்கள். புரோகிராம் ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தால் பூட் பட்டனைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், ரூட்டரில் அது அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மண் சென்சாரில் கெபாசிட்டிவ் வகையை எடுங்கள். இரண்டு உலோகக் கால் வெளியே தெரிகிற வகை ஈரத்தில் சீக்கிரமே அரித்துவிடும்.