புதுப்பிப்பு: ஸ்பர்ஸ் அணியின் டிராஃப்ட் தேர்வுகளை மதிப்பிட்ட விதம்

அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் டிராஃப்ட் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை) தேர்வுகளை எப்படி மதிப்பிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வீரர்கள் எடுத்த மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தது உதவவில்லை. "எத்தனையாவதாக எடுத்தார்கள் என்று பாருங்கள்" என்ற கோபிசெட்டிபாளையத்து அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது: மற்ற அணிகள் விட்டுவைத்த பிறகு, பின்னால் எடுத்த ஆள் சிறந்து விளங்கினால் அதுதான் நல்ல தேர்வு.

ஈரோட்டில் எங்கள் மஞ்சள் மண்டியின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எழுதினேன். 1997இல் முதல் ஆளாக டங்கன். அதை யாரும் செய்திருப்பார்கள். 2001இல் 28ஆவதாகப் பார்க்கர், அருமை. 1999இல் 58 பேரில் 57ஆவதாக ஜினோபிலி! நான்கு பட்டம் வென்றவர். அந்த வரியை இருமுறை அடிக்கோடிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: 2011இல் கவாய் லெனார்டை 15ஆவதாக எடுத்தது இண்டியானா அணி. அன்றிரவே தன் வீரர் ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து ஸ்பர்ஸ் அவரை வாங்கிக்கொண்டது. தேர்வுப் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் விடுபட்டுவிடுவார். அதனால் இப்படிப்பட்ட வீரர் பரிமாற்றத்துக்கு நோட்டில் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள்.