அம்மாவை டச்சப் இல்லாமல் எடுக்க வேண்டும், எப்படி?

கூடலூர்க்காரி:
அம்மாவுக்கு அறுபது முடிகிறது. முப்பது வருடமாக விடியக்காலை ஜீப்பில் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்வருகிறவர். போன மாதம் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்து, பெரிதாகப் பிரேம் போட்டு வாங்கி வந்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது யாருடி, உங்க பெரியம்மா மகளா?" என்றார். நியாயம்தான். நெற்றியில் ஜீப் கம்பி இடித்த தழும்பைக் காணோம், உதட்டோர மச்சத்தைக் காணோம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

சரி, நானே எடுக்கலாம் என்று போனில் பியூட்டி எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தேன். கொய்யா மரத்தடியில் நிறுத்தினால் முகம் பச்சை பாரித்துக் கிடக்கிறது. வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் கரிக்கட்டை. "பாத்தியா, நான் இம்புட்டுத்தான். அந்தப் படமே இருக்கட்டும்" என்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பிரசவத்திலிருந்து என் கன்னத்தில் மங்கு. என் டிபியில் அது கிடையாது. நான் எந்த முகத்தோடு அம்மாவுக்குப் புத்தி சொல்வது?

பழைய ஸ்டூடியோக்காரன், குமுளி:
தங்கச்சி, கோளாறு சுவரில் இருக்கிறது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். திரையில் அம்மா முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அந்தப் பச்சை, இலையில் பட்டு வருகிற வெளிச்சம். மரத்தடியை விட்டுவிட்டு, வாசல்நடையிலிருந்து ஓரடி உள்ளே உட்காரவையுங்கள். உச்சி வெயில் மாதிரி கண்ணுக்கடியில் குழி விழாது. சுருக்கம் தெரியும், தெரியட்டும். ஓரடி கிட்டே போய் எடுத்தால் மூக்கு புடைக்கும். ஐந்தடி தள்ளி நின்று ஜூம் போடுங்கள்.

டச்சப் ஒன்றும் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து அம்மைக் குழிகளை அடைத்த கை இது. பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் அதற்குத் தனிக் காசு.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நார்வேயில் 2022 முதல் விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டம். நம் ஊர் கல்யாண பிளக்ஸுக்கு அப்படி வந்தால் பாதிப் பேர் மாட்டுவார்கள்! ஆனால் அக்கா, ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு வெளுப்பான படம்தான் பிடிக்கிறது என்றால் விட்டுவிடலாமே? முகம் அவருடையதுதானே.

கூடலூர்க்காரி:
டீச்சர், நீங்கள் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த முறை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வேலை முடிந்து வந்து வாசல்நடையில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னபடி ஐந்தடி தள்ளி நின்றேன். நகக்கண்ணில் ஏறிய ஏலக்காய்க் கறைகூட விழுந்திருக்கிறது.

அம்மா விரலால் பெரிதாக்கி நேராகத் தழும்புக்குத்தான் போனார். பேத்தியைக் கூப்பிட்டு ஜீப் பள்ளத்தில் இறங்கிய கதையை ஆரம்பித்தவர், எட்டு மணி வரை நிறுத்தவில்லை. பிரேம் போட மட்டும் இன்னும் சம்மதம் இல்லை. "பல்லு தெரியாம ஒண்ணு எடு, பாப்போம்" என்கிறார்.

என் டிபி? இன்னும் அதேதான்.