சின்னத்தாத்தா பெயர் எந்தச் சுவரில்?

தம்பி (தில்லி): பெரியப்பா, தேசியப் போர் நினைவிடத்தில் நிற்கிறேன். இங்கே உள்ள திரையில் பெயரைப் போட்டால் எந்தச் சுவர் என்று காட்டுகிறது. சின்னத்தாத்தா இனிஷியல் என்ன? இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

அத்தை: இரண்டு எழுத்து. ஊர்ப் பெயரும் உண்டு.

சித்தப்பா: இல்லை, ஒன்றுதான்.

அப்பா: அண்ணன் வரட்டும்.

சித்தி: இந்தியா கேட்டில் விளக்கு எரியுமே, அதுவா?

தம்பி: பக்கத்தில்தான் சித்தி. அந்தச் சுடரை 2022 ஜனவரியில் இங்கே உள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள். இது 2019இல் திறந்தது. வட்டத்துக்குள் வட்டமாக நான்கு இருக்கிறது. பெயர்களெல்லாம் தியாகச் சக்கரம் என்ற வட்டத்தில், 25,000க்கு மேல். சுற்றிச் சுற்றிக் கால் வலிக்கிறது.

அக்கா: நல்ல நேரத்தில் போனாய். என் பையன் 16ஆம் தேதி பள்ளியில் பேசுகிறான். "எங்கள் கொள்ளுத்தாத்தா ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் ஆறு சேபர் சண்டை விமானங்களை எதிர்த்து நின்று பரம் வீர் சக்கரம் பெற்றார்" என்று எழுதியிருக்கிறேன். யாரோ ஃபார்வர்டு செய்தது. சரிதானே பெரியப்பா?

பெரியப்பா: தப்பு. உடனே மாற்று. அது பஞ்சாப்காரர், நிர்மல் ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14. ஸ்ரீநகரில் சண்டை விமானம் நிறுத்தக்கூடாது என்று 1948லிருந்து உடன்பாடு இருந்தது. அதனால் போர் தொடங்கிய பிறகுதான் செகோனின் பிரிவு அங்கே போனது. அந்த மலையும் குளிரும் பழகவில்லை. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தன் சின்ன நேட் விமானத்தை மேலே எழுப்பினார். விமானத்தின் உடைசல் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. விமானப்படையில் பரம் வீர் சக்கரம் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதை எடுத்து நம் சின்னையாவுக்குப் போட்டால் இரண்டு பேருக்கும் செய்கிற அநியாயம்.

அக்கா: அப்போ நான் என்ன எழுத?

பெரியப்பா: உள்ளதை எழுது. சின்னையா ஓட்டியது சுகோய்-7. ஒற்றை ஆள், ஒற்றை எஞ்சின். டாங்கி, பீரங்கி, ரயில் என்று தரையில் இருப்பதைத் தாழ வந்து தாக்கும் வேலை. தாழ வந்தால் கீழே இருப்பவனுக்கும் குறி வைக்க எட்டும். மொத்தப் போரே 13 நாள். மேற்கு எல்லையைத் தாண்டிப் போனார், திரும்பவில்லை. முதல் தந்தியில் "காணவில்லை" என்றுதான் இருந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பதினோரு வயது. தாத்தா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

சித்தப்பா: அதனால்தான் கடைசிவரை படத்துக்கு மாலை போட விடவில்லை.

தம்பி: பெரியப்பா, இனிஷியல்!

பெரியப்பா: இனிஷியல் போட்டால் வராது. படையில் விரித்து எழுதச் சொல்வார்கள். தாத்தா பெயரை முழுதாகக் கடைசியில் போடு. பதவி ஃபிளையிங் ஆபீசர்.

சித்தி: பேச்சுக்கு அவர் சீருடைப் படம் வேண்டுமே. டிரங்குப் பெட்டியில் இருந்ததே?

சித்தப்பா: பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அத்தை: நான் தூக்கிக்கொண்டு போகவில்லை. அம்மா கையால் கொடுத்தாள். மழையில் ஒழுகிய வீட்டில் விட்டிருந்தால் இன்று துரு மட்டும்தான் மிச்சம்.

அப்பா: இப்போது அது வேண்டாம்.

அத்தை: வேண்டும். இருபது வருஷமாகக் குத்துகிறான். இதோ திறந்தே பார்த்துவிடுகிறேன்.

தம்பி: வந்துவிட்டது!! கண்டுபிடித்துவிட்டேன். படம் அனுப்புகிறேன். கிரானைட்டில் பொன் எழுத்து. என் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கிறது.

பெரியப்பா: தாத்தா பெயரும் அதில் இருக்கிறது பார். அவர் பிள்ளையோடு.

அப்பா: 🙏

சித்தி: 🙏🙏

அக்கா: விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து ஒரு படம் எடுடா.

அத்தை: சீருடைப் படம் இருக்கிறது. ஒரு கையுறை, ஒன்றுதான். அடியில் தாத்தாவின் கணக்கு நோட்டு. அதற்குள் நீல இன்லாண்டு ஒன்று. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. பிரிக்கவே இல்லை.

பெரியப்பா: யாருக்கு?

அத்தை: சின்னம்மாவுக்கு. சின்னையா கையெழுத்து.

பெரியப்பா: தந்திக்குப் பிறகு வந்திருக்கும். அதற்குள் அவர்கள் வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

சித்தப்பா: அழைத்துப் போனார்களா, அனுப்பிவைத்தோமா?

அப்பா: தாத்தா இல்லாதபோது அதைப் பேசாதே.

சித்தப்பா: ஆறு மாதம் நம் வீட்டில் இருந்த பெண். இந்தக் கடிதம் அவர்களுடையது.

அக்கா: பிரித்துப் படித்துவிட்டு அனுப்பலாமா?

அத்தை: கூடாது. யாரும் தொட வேண்டாம். கூரியரிலும் போடமாட்டேன்.

பெரியப்பா: யார் கொண்டுபோவது? அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது? நம்பர்கூட யாரிடமும் இல்லை.

நான்: என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் சின்னப்பாட்டியிடம் பேசுவேன்.

அப்பா: எத்தனை வருஷமாக?

நான்: ஏழு வருஷம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவைத்தான் முதலில் கேட்பார்கள். "தந்தி வாங்கின பையன் எப்படி இருக்கிறான்" என்று.

தம்பி: மாலை நிகழ்ச்சி தொடங்கப் போகிறது. இறந்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர் வளையம் வைப்பார்களாம். நமக்கும் கேட்டுப் பார்க்கவா? யார் பெயரைக் கொடுக்க?

சித்தப்பா: சின்னம்மா பெயரை.

அப்பா: அண்ணன் சொல்லட்டும்.

அத்தை: அண்ணே?

பெரியப்பா: நம்பரை எனக்கு மட்டும் தனியாக அனுப்பு. குழுவில் போடாதே.