பெரிய கோயில் விமானம் பின்னால் மல்லாந்தாற்போல் வருகிறது: 18-55 லென்ஸிலேயே சரிசெய்ய முடியுமா?

காவிரிக்கரை:
வணக்கம். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, உடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எங்கிருந்து எடுத்தாலும் மேலே போகப் போகக் குறுகி, பின்பக்கம் சாய்கிற மாதிரி விழுகிறது. லைட்ரூம் மென்பொருளில், கோடுகளைத் தானாக நிமிர்த்தும் 'ஆட்டோ' கொடுத்தால் கலசம் வெட்டுப்படுகிறது, விமானத்தின் வடிவமும் கெடுகிறது. மாலையில் நந்திப் பக்கமிருந்து எடுத்தால் வானம் வெளுத்து, கல் கறுத்துவிடுகிறது. வேறு லென்ஸ் வாங்காமல் என்ன செய்யலாம்?

சாளரம்:
லென்ஸ் மேல் குற்றமில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடும். அதனால்தான் கோடுகள் மேலே கூடுகின்றன. கேமராவை நேராக நிறுத்தினால் கோடுகளும் நேராக நிற்கும். அப்போது உச்சி ஃபிரேமுக்குள் வருமா என்பது தூரக் கணக்கு.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். சென்சாரின் நீளம் 23.5 மி.மீ., மேல்பாதி 11.75. அதை லென்ஸின் குவியத்தூரமான 18 ஆல் வகுத்தால் 0.65. அதாவது 100 மீட்டர் தள்ளி நின்றால், கேமரா மட்டத்துக்கு மேல் 65 மீட்டர் அடங்கும். விமானம் சுமார் 66 மீட்டர். 100 மீட்டரில் கலசம் விளிம்பை உரசும், 115 மீட்டரில் தலைக்கு மேல் வானம் மிஞ்சும். உள்பிராகாரம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், விமானம் மேற்குப் பாதியில். நந்தி மண்டபத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் ஏறக்குறைய இந்தத் தூரம் கிடைத்துவிடும்.

படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும், வெட்டிவிடுங்கள். 6000 பிக்சல் உயரத்தில் 2000 போனாலும் 4000 x 4000 மிஞ்சும். 13 அங்குல பிரிண்டுக்குத் தாராளம். கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸில் கிடைக்கும் பலனும் ஏறக்குறைய இதுதான்.

மட்டம் பார்க்க எளிய வழி ஒன்று. சமதரையில் கேமராவைக் கண்ணோடு வைத்துப் பிடித்தால், உங்கள் உயரத்தில் உள்ளவர்கள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவர்கள் கண்கள் எல்லாம் ஃபிரேமின் நடுக்கோட்டில் வரவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் அண்ணாந்திருக்கிறீர்கள். ஃபிளாஷ் ஷூவில் செருகும் குட்டி ரசமட்டமும் உதவும். இரு திசையிலும் குமிழி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தூக்குக்குண்டு:
மேலே சொன்னது கிழக்கிலிருந்து எடுப்பதற்குச் சரி. வடக்கு, தெற்குப் பக்கங்களில் எடுபடாது. பிராகாரத்தின் அகலம் சுமார் 120 மீட்டர்தான். மதிலோரம் ஓடும் திருச்சுற்று மாளிகையை ஒட்டி நின்றாலும் விமானத்தின் நடு அச்சுக்கு 60 மீட்டர்கூட இராது. 40 மீட்டர் உயரத்தோடு ஃபிரேம் முடிந்துவிடும். அங்கே அண்ணாந்து எடுத்துப் பிறகு நிமிர்த்தத்தான் வேண்டும்.

எடுக்கும்போதே கலசத்துக்கு மேலும் அடித்தளத்தின் இரு பக்கமும் இடம் விடுங்கள். நிமிர்த்தும்போது உச்சி மேலே தள்ளப்படும், கீழ் மூலைகள் காலியாகும். கலசம் வெட்டுப்படுவதும் இதனால்தான். 'ஸ்கேல்' குறைத்தால் திரும்ப உள்ளே வரும்.

லைட்ரூமில் முதலில் லென்ஸ் புரொஃபைல் திருத்தம் (லென்ஸால் வரும் வளைவை நீக்குவது). 18 மி.மீ.-இல் கோடுகள் பீப்பாய் மாதிரி வெளியே வளையும். வளைந்த கோட்டை வைத்துக்கொண்டு எதை நிமிர்த்துவது?

அடுத்ததுதான் முக்கியம். இந்த விமானம் கட்டும்போதே குறுகிக்கொண்டு போகிற வடிவம். 'ஆட்டோ' அந்தச் சரிவையும் சாய்ந்த சுவர் என்று எண்ணி இழுத்துவிடலாம். 'கைடட்' எடுத்து, கீழே இரண்டு அடுக்காக நேராக எழும் சுவரின் அரைத்தூண்களில் மட்டும் கோடு போடுங்கள்: இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று. மேலே சரியும் தளங்களைத் தொடவே கூடாது. முழுக்க நிமிர்த்தினால் உச்சி கனத்துத் தெரியும். கொஞ்சம் குறைத்து நிறுத்துவதே என் கண்ணுக்கு இயல்பாகப் படுகிறது.

காவிரிக்கரை:
நன்றி, அரைத்தூண் விஷயம் பெரிய உதவி. சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கும் வடபக்கம் காலை, மாலை எப்போது போனாலும் நிழலாகவே இருக்கிறதே? போனது டிசம்பரில்.

வெயில்கோணம்:
அங்கே பார்க்க வேண்டியது மாதத்தை. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் நாள் முழுக்கத் தெற்கே நகர்கிறது. வடசுவரில் நேர்வெயில் விழவே விழாது. தஞ்சை ஏறக்குறைய 10.8 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில்கூட வடக்கே சாயும். மே, ஜூனில் காலை 7, 8 மணிக்குப் போங்கள். வெயில் வடசுவரை உரசியபடி விழுவதால் கோஷ்டத்து (சுவர் மாடத்து) சிற்பங்கள் எழும்பி நிற்கும். டிசம்பரில் தெற்குச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து எடுப்பதைக் காலையில் முடித்துவிடுங்கள். மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், வானம் வெளுக்கத்தான் செய்யும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, நல்ல வெயிலில் 1/400 என்று தொடங்கி, ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். 'ரா'வில் (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) எடுத்தால் கல்லின் நிழலை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்கு) வரை பிறகு தூக்கலாம். எரிந்துபோன வானத்தை மீட்க முடியாது. எஃப்/16 வேண்டாம், கூர்மை குறையும்.

தொல்லியல் துறை இடம் என்பதால் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். விளக்குப் போட்ட பிறகு எடுப்பதானால், மடித்த துண்டை ஏதாவதொரு திண்ணையில் வைத்துக் கேமராவை அதன் மேல் உட்கார்த்துங்கள். கைநடுக்கத் தடுப்பை அணைத்து, 2 விநாடி டைமர், ஐஎஸ்ஓ 200. சூரியன் மறைந்து 15 நிமிடத்திலிருந்து 25 நிமிடம் வரைதான் வானத்தின் நீலமும் கல்லின் மஞ்சளும் சமமாக நிற்கும்.