வளவுக்குள் வந்த மரத்தவளை: இனம் காண உதவி தேவை

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவின் தேக்குத் தூணில், மழை பெய்த மறுநாள் முதல் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் அதைத் தேரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடல் சுமார் 6 சென்டிமீட்டர். விரல் நுனிகள் வட்டத் தட்டுகளாக அகன்றுள்ளன. காலை நீட்டும்போது தொடையின் பின்புறத்தில் கரும்பழுப்பின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன.

இப்புள்ளிகளை வைத்து, 1830இல் விலங்கியலாளர் கிரே விவரித்த பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ் என்னும் மரத்தவளை என்றே கருதுகிறேன். நண்பர் ஒருவரோ புதர்த்தவளை என்கிறார். இரண்டும் ராக்கோஃபோரிடே குடும்பமே. ஆயினும் 2010இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட ராவோர்செஸ்டெஸ் புதர்த்தவளைகளின் முட்டையிலிருந்து, தலைப்பிரட்டை நிலையே இன்றி, நேராகக் குட்டித் தவளை வெளிவரும். பாலிபெடேட்ஸ் நீருக்கு மேலே நுரைக்கூடு கட்ட, அதிலிருந்து தலைப்பிரட்டைகள் நீரில் விழும். எங்கள் முற்றத்து அண்டாவின் உள்விளிம்பில், முட்டை வெண்கருவை அடித்து அப்பினாற்போல ஒரு நுரை இருக்கிறது. (சோப்பு நுரை என்று அம்மா கழுவப் போனதைத் தடுத்துவிட்டேன்.)

அறிந்தவர்கள் உறுதிசெய்ய, பின்கால் விரலிடைச் சவ்வு தெரியும்படி படம் எடுத்தால் போதுமா, அல்லது இரவில் அது எழுப்பும் ஒலியையும் பதிவுசெய்ய வேண்டுமா? நுரை இருக்கும்வரை அண்டா நீரை மாற்றாமல் வைத்திருக்கலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.