சல்லடையில் பெரிய கல் விழுந்து சின்னக் கல் நிற்குமா?

கணக்கர்:
நான் படித்தது வணிகவியல். மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன். செல் சவ்வு சல்லடை மாதிரி, சின்னது போகும், பெரியது நிற்கும் என்று சொல்லிவைத்தேன். நேற்று மடக்கிவிட்டாள். பொட்டாசியம் அயனியின் ஆரம் 0.133 நானோமீட்டர், சோடியம் 0.095 தான். ஆனால் பொட்டாசியம் கால்வாயில் (பொட்டாசியம் போவதற்கென்று சவ்வில் இருக்கும் புரத வழி) பெரியது போகிறது, சின்னது நிற்கிறது. எப்படி?

மழைப்பூச்சி:
சோடியத்துக்கு மின்னூட்டம் இருக்கிறதே. சவ்வின் கொழுப்பு அடுக்கு அதை விடாது.

கணக்கர்:
பொட்டாசியத்துக்கும் அதே ஒரு நேர் மின்னூட்டம்தானே? (இதையும் அவள்தான் கேட்கச் சொன்னாள்.)

ஆய்வகத்து மூலை:
மழைப்பூச்சி சொன்னது, அயனிகள் ஏன் கொழுப்பு அடுக்கைக் கடக்க முடியாது என்பதற்குப் பதில். ஆக்சிஜன், கரியமில வாயு எல்லாம் மின்னூட்டம் இல்லாததால் அதில் கரைந்தே போய்விடும். கால்வாய்க்குள் நடப்பது வேறு.

தண்ணீரில் அயனி தனியாகத் திரியாது. நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். பொட்டாசியம் கால்வாயின் மிகக் குறுகலான இடத்தில் போர்வையோடு நுழைய இடமில்லை. கழற்ற வேண்டும், கழற்றினால் ஆற்றல் செலவு. பொட்டாசியம் கழற்றினால், கால்வாய்ச் சுவரில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் நீரின் ஆக்சிஜன் இருந்த அதே தூரத்தில் வந்து பிடித்துக்கொள்ளும். போட்ட முதல் கைக்கு வந்துவிட்டது. சோடியம் சின்னதாக இருப்பதால் அந்தச் சுவர் அதற்குச் சரியாக எட்டாது. செலவு செலவுதான், வரவு இல்லை. நஷ்டத்துக்கு யார் உள்ளே வருவார்கள்? சுமார் 10,000 பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் போகும், அவ்வளவுதான்.

ராடெரிக் மெக்கின்னன் 1998-ல் ஒரு பாக்டீரியாவின் கால்வாயை எக்ஸ்ரே படிகவியலில் படம் பிடித்த பிறகுதான் இது கண்ணால் பார்க்கிற மாதிரி ஆனது. 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசின் மறுபாதி, நீர்க் கால்வாயைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு. அந்தக் கால்வாய் நீரை விடும், அதைவிடச் சின்ன புரோட்டானை விடாது! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சல்லடைக் கட்சிதான், இதைப் படித்த அன்றுதான் கட்சி மாறினேன்.

மழைப்பூச்சி:
அப்படியானால் சோடியம் கால்வாயில்?

ஆய்வகத்து மூலை:
அங்கே வழி கொஞ்சம் அகலம். சோடியம் போர்வையை முழுசாகக் கழற்றாமலே போய்விடும்.

கணக்கர்:
சல்லடையை வாபஸ் வாங்கிவிட்டேன். இப்போது அடுத்தது: சவ்வில் இருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்பு ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறதாம். மீதி ஒன்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்கிறாள்.

ஆய்வகத்து மூலை:
மின்னழுத்தக் கணக்கில். சுற்றுக்கு ஒரு நேர் மின்னூட்டம் வெளியே போவதால் செல்லின் உட்புறம் சற்று எதிர்மின் பக்கம் சாயும். ஆனால் அது சில்லறை. பெருந்தொகை, பம்பு உள்ளே சேர்த்த பொட்டாசியம் அதே பொட்டாசியம் கால்வாய் வழியாக வெளியே கசிவதால் வருவது.