வீட்டு வேலைக்கு நடுவே 18ஆம் நூற்றாண்டு உடுப்பு தைக்க நேரம் எப்படி எடுக்கிறீர்கள்?

காவேரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், பிறந்த ஊர் நாகப்பட்டினம். வீட்டில் மாமியார், கணவர், ஐந்தாவது படிக்கும் மகள், யூகேஜி போகும் மகன். பிளவுஸ், சுடிதார், பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் நானே தைத்துவிடுவேன்.

இப்போது மனசு வேறு பக்கம் போயிருக்கிறது. நெதர்லாந்தில் லேவார்டன் ஊரில் ஃப்ரீஸ் மியூசியம் இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் 18ஆம் நூற்றாண்டுப் பெண்களின் பூப்போட்ட பருத்திச் சட்டைகளைப் படத்தில் பார்த்தேன். அந்தத் துணி நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து போனது. 1690 முதல் 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை, இந்தக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடமே எங்கள் நாகப்பட்டினம்தான். நம் ஆட்கள் சாயம் போட்ட துணியை அங்கே ஒரு பெண் அளவெடுத்துத் தைத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்ததிலிருந்து, அதே வெட்டில் ஒரு முழு உடுப்பு தைத்தே ஆக வேண்டும் என்றிருக்கிறது. உள்ளே போடும் ஷிஃப்ட், அதன் மேல் ஸ்டேஸ் என்கிற இறுக்குக் கச்சு, பாவாடை, கடைசியில் அந்தச் சட்டை.

நேரம்தான் பிரச்சனை. காலையில் டிபன், மூன்று டப்பா, பள்ளி வேன். அப்புறம் துணி, பாத்திரம், மதியச் சமையல். சாப்பாட்டு மேசையில் துணியை விரித்து சாக்பீஸைக் கையில் எடுத்தால் சிலிண்டர் வந்து நிற்கும். சாயங்காலம் ஹோம்வொர்க், மறுநாளைக்கு மாவு. ராத்திரி பத்து மணிக்குமேல் கண் சொக்குகிறது. மாமியார் ஒரு நாளும் தடுத்ததில்லை, "இதை எங்கம்மா போட்டுக்கிட்டுப் போவே?" என்று அக்கறையாகத்தான் கேட்கிறார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

எல்லாவற்றையும் மிஷினில் அடித்து முடித்துவிடலாமா? கையால் தைத்தால் இந்த ஜென்மத்தில் முடியுமா? எதில் ஆரம்பிப்பது?

ஊசிக்காரி:

முடியும் காவேரி. கைத்தையல்தான் உங்களுக்குச் சரி என்பேன், அதுவும் நேரம் இல்லாததால்தான்.

மிஷின் என்றால் அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். பாதியில் எழுந்தால் திரும்பப் போய் உட்காரவே அலுப்பாக இருக்கும். கைத்தையல் மடியில் கிடக்கும். குக்கர் விசில் வந்தால் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம், வந்து அதே இடத்தில் தொடரலாம். தையல் மிஷின் வீடுகளுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். நீங்கள் பார்த்த சட்டை ஒவ்வொன்றும் கையால் தைத்தது.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். துணி வெட்டுவது, உடம்பில் போட்டு அளவு பார்ப்பது, இரண்டுக்கும் மேசை வேண்டும், நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது. இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளை அவர்கள் அப்பாவோடு வெளியே அனுப்பிவிடுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டி, எந்தத் துண்டு எதோடு சேரும் என்று நூல் போட்டு அடையாளம் வைத்து, துணிப்பையில் போட்டுவிடுங்கள். மீதி எல்லாம் பையிலிருந்து எடுத்துச் செய்கிற வேலைதான். பள்ளி வாசல், டாக்டர் வீட்டு வரிசை, டிவி முன்னால், எங்கேயும் நடக்கும்.

நான் மணிக்கணக்கு வைத்துக்கொள்வதில்லை, நூல்கணக்குதான். விரல் நுனியிலிருந்து முழங்கையைக் கொஞ்சம் தாண்டி நூலை வெட்டி, தேன்மெழுகில் ஓட்டி, இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு உள்ளே இறங்கிவிடும், சிக்கு விழாது. இப்படிப் பத்துப் பதினைந்து நூலைத் தயாராக வைத்துக்கொள்வேன். காலையில் ஒரு நூல், மதியம் ஒரு நூல். நூல் தீர்ந்தால் அந்த வேளைக்கு வேலை முடிந்தது.

ஷிஃப்ட்டில் ஆரம்பியுங்கள். எல்லாம் சதுரமும் நீள்சதுரமும் முக்கோணமும்தான், வளைவு கழுத்தில் மட்டும். உடம்புக்கு ஒரு நீளத் துண்டு, கீழே அகலம் வர இரண்டு பக்கமும் முக்கோணம், இரண்டு கை, அக்குளில் ஒவ்வொரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தில் நிதானம் வேண்டும். ஒரு மூலை அக்குளுக்கு நேராக நிற்கும், இரண்டு பக்கம் கையோடு சேரும், மற்ற இரண்டு பக்கம் உடம்போடு சேரும். கையைத் தூக்கும்போது துணி இழுபடாமல், கிழியாமல் இருப்பது அதனால்தான்.

இணைப்புக்கு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகிற ஓட்டுத்தையல் போதும், நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு பின்தையல். பிறகு ஒரு பக்க ஓரத்தைப் பாதியாக நறுக்கி, மற்ற ஓரத்தை அதன்மேல் மடித்து ஹெம்மிங். பிசிர் வெளியே தெரியாது, ஓவர்லாக்கும் வேண்டாம். அங்கே ஷிஃப்ட்டை லினனில் தைத்தார்கள். நம் வெயிலுக்கும் பட்ஜெட்டுக்கும் மல் துணியே போதும், வெட்டுமுன் துவைத்துச் சுருக்கம் எடுத்துவிடுங்கள். பையை ஒரு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், மஞ்சள் கை அதன்மேல் பட்டாலும் போகட்டும்.

மாமியார் கையில் ஓரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அந்த வயதில் நிறையப் பேருக்குக் கை ஹெம்மிங் நம்மைவிட நேர்த்தியாக வரும். எங்கே போட்டுக்கொண்டு போவது என்ற கேள்விக்கு, நாகப்பட்டினத்துக் கதையை என்னிடம் சொன்ன மாதிரியே அவரிடமும் சொல்லுங்கள். அதைவிட நல்ல பதில் இல்லை.

பனிமூட்டம்:

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். நேரம் மாறி மாறி வரும் வேலை, இரண்டு பையன்கள். 1810 வாக்கில் போட்ட உயர்ந்த இடுப்பு கவுன்தான் நான் தைப்பது.

ஊசிக்காரி அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பாவாடையின் நீளத் தையலை மிஷினில் அடியுங்கள். உள்ளே போய்விடுகிற நேர்த்தையலுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. கண்ணில் படுகிற இடத்துக்குக் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

பாவாடைக்குப் புதுத் துணியும் வேண்டாம். ஐந்தரை மீட்டர் காட்டன் புடவை போதும். புடவையின் நீளம் இடுப்பைச் சுற்றி வரட்டும், அகலம் உயரமாக நிற்கட்டும், கரை கீழே வந்துவிடும், ஓரம் மடிக்கும் வேலையும் மிச்சம். மூன்று மீட்டர் அளவுக்கு எடுத்து இரண்டு துண்டாக்கி, பக்கத்தில் கை நுழையத் திறப்பு விட்டு, கொசுவி நாடா வையுங்கள். முன் துண்டின் நாடாவைப் பின்னால் கட்டி, பின் துண்டின் நாடாவை முன்னால் கட்ட வேண்டும். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் பிரிக்காமல் போட்டுக்கொள்ளலாம்.

குண்டூசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சின்னப் பையன் இருக்கிறான். குண்டூசி மெத்தையில் இருபது என்றால் எழுந்திருக்கும் முன் இருபதையும் எண்ணிவிட வேண்டும். ஒன்று குறைந்தால் காந்தம் எடுத்துத் தரையைத் தடவாமல் பிள்ளையை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

மதுரைத் தையல்:

நான் டெய்லர். நாடகக் கம்பெனிகளுக்கு உடுப்பு தைத்துப் பழக்கம் உண்டு. வரிசையை மாற்றிவிடாதீர்கள் சகோதரி. ஷிஃப்ட், ஸ்டேஸ், அதற்குப் பிறகுதான் சட்டைக்கு அளவு. கச்சு போட்டால் மார்பு, முதுகு இரண்டின் அளவும் மாறும், இப்போதைய பிளவுஸ் அளவு உதவாது. முதலில் காடாத் துணியில் வெட்டிப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் கச்சுக்குள் திமிங்கலத்தின் வாய்த்தகடு வைத்தார்கள். இப்போது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒயர் கட்டும் தடித்த பிளாஸ்டிக் கேபிள் டையைத் தலையை வெட்டி, நுனியை மழுக்கிச் செருகலாம். கயிறு கோர்க்கும் துளைக்குக் கத்தரி வைக்காதீர்கள். குத்தூசியால் இழையை விலக்கித் துளை விட்டு, பட்டன் துளைக்குப் போடும் காஜா நூலால் சுற்றித் தையுங்கள். துளையில் அடிக்கும் உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. துளைவேலை முழுக்கப் பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும், ட்யூப்லைட்டில் வேண்டாம். முன்பக்கம் கயிறு கட்டும் மாதிரியாக எடுங்கள், யார் உதவியும் இல்லாமல் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

காவேரிக்கரை:

மூவருக்கும் ரொம்ப நன்றி. மல் துணி வாங்கித் துவைத்துக் காயப்போட்டாயிற்று. மாமியாரிடம் கதை சொன்னேன். கை ஓரம் இரண்டும் தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று: சட்டைக்கு மசூலிப்பட்டினம் கலம்காரி எடுக்கலாமா?

ஊசிக்காரி:

எடுக்கலாம், ஆனால் அது அச்சுக்கட்டையில் வருவது. ஐரோப்பாவுக்குப் போன உயர்ந்த ரகத்தில் கோடுகளைக் கையால் வரைந்து, சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு மெழுகு மூடி அவுரியில் முக்கி எடுத்தார்கள். பேனாவால் வரையும் வேலை இன்னும் காளஹஸ்தியில் இருக்கிறது, விலை கூடும். எதுவானாலும் வெள்ளைத் தரையில், அதாவது வெள்ளைப் பின்னணியில், கொடி ஓடுவதாகப் பாருங்கள். 1643லேயே ஆங்கிலேயக் கம்பெனி சிவப்புத் தரையைக் குறைத்து வெள்ளைத் தரையாக அனுப்பச் சொல்லி இந்தியாவுக்கு எழுதியிருக்கிறது. இடுப்புவரைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் எடுங்கள், கொடியை முதுகில் நடுவே நிறுத்த அந்த உபரி வேண்டியிருக்கும். கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் சிவப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.